இரண்டாம் கட்டப் பணி

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? உன் மனைவியின் இடுப்பு வலி தேவலையா? இரண்டு கடிதம் போட்டால் ஒரு பதில் போடும் உன் வழக்கம் மட்டும் மாறவேயில்லை.

நெடுஞ்சாலைத் துறைக்காக நம் ஊர்ச் சாலையின் விபத்து அபாய வரைபடத்தை முடித்துவிட்டேன். ஆபத்தான இடம் சிவப்பு, அதைவிட மோசமானது கறுப்பு. உன் சைக்கிள் கடை வளைவு கறுப்பு. எதிரே வருவது தெரியவில்லை, நடக்க இடமில்லை, விளக்குமில்லை. மரங்களை எடுத்து, வளைவை அகலமாக்கி, வேகத்தடை, நடைபாதை, விளக்கு எல்லாம் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். அங்குள்ளவர்கள் வாசலில் கொஞ்சம் இடம் விட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவுக்காக வீடு வீடாகப் போய்ப் பேசேன்.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தையற்காரம்மாதான் மல்லுக்கு நின்றார். "மரத்தடியிலதான் என் மிஷினே ஓடுது. வெயில்ல காஞ்சு நான் விறகாப் போகணுமா?" என்றார். "எங்க அக்கா போட்ட திட்டம், தப்பாப் போகாதும்மா" என்றேன். "அவ பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைச்சவ நான். அவளுக்காகப் போடறேன், குடு" என்று வாங்கிப் போட்டார். உனக்கு இங்கே இன்னும் செல்வாக்குதான்!

தம்பி

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

மரங்கள் போயின. சாலை கண்ணாடி மாதிரி இருக்கிறது. வேகத்தடை எங்கே என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டால், "அது ரெண்டாம் கட்டம் சார்" என்கிறார். லாரிகள் பறக்கின்றன. சாலையைக் கடக்க எல்லோரும் கூட்டம் சேரும்வரை காத்திருக்கிறோம். நீ ஒரு வார்த்தை கேளேன்.

தம்பி

ஜூன் 25

அன்புத் தம்பிக்கு,

கேட்டேன். "ரோடு போட்டாச்சு, திறந்தாச்சு. மிச்சத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்கிறார் பெரிய பொறியாளர். எழுத்திலும் கேட்டிருக்கிறேன். அதுவரை லாரிகள் வேகம் குறைக்க ஓரத்தில் நான்கு டிரம்மாவது வைத்துக்கொள்ளுங்கள். கோபப்படாதே.

அக்கா

ஆகஸ்ட் 8

அக்கா,

டிரம்களை வைத்த மறுநாளே போலீஸ்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போக்குவரத்துக்கு இடைஞ்சலாம்.

வியாழக்கிழமை தையற்காரம்மா தைத்த துணியைக் கொடுக்க எதிர் வீட்டுக்குப் போனார். லாரி வளைவில் திரும்பியதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கத்தினேன். என் சத்தத்தைக் கேட்டு நடுச்சாலையிலேயே நின்றுவிட்டார்.

நான்தான் தூக்கினேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. அவர் கணவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதுக்கா தம்பி கையெழுத்து வாங்கினே?"

தம்பி

செப்டம்பர் 2

என் அன்புத் தம்பிக்கு,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ கத்தியதால் அது நடக்கவில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

துறையின் சாலைப் பாதுகாப்புக் குழுவில் போய் நின்றேன். தையற்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் அபாயத்தை அளக்கும் மதிப்பெண் அட்டவணையைக் காட்டினார்கள். தளம் நன்றாகிவிட்டது, மரமில்லை, அகலம் கூடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் ஏறிவிட்டதால் நம் வளைவு இப்போது கறுப்பில்லையாம். இரண்டாம் கட்டப் பணத்தை வேறு சாலைக்கு மாற்றிவிட்டார்கள். மதிப்பெண் போடும் முறையை வகுத்தவர்களில் நானும் ஒருத்தி.

வளைவை மறுபடி அளக்க இந்த மாதக் கடைசியில் வருகிறோம். வேலை முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்துவிட்டு, அவர் கணவரையும் பார்க்கிறேன். என்னோடு வருவாயா?

அக்கா

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

வர மாட்டேன். அவரைப் பார்க்க நீயும் போகாதே. அவர் திட்ட மாட்டார், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார். அதைத் தாங்கிக்கொண்டு நான் இந்தத் தெருவில் இருக்க வேண்டும்.

கடையை மூடிவிட்டேன். என்னிடம் யாரும் சண்டை போடவில்லை. சைக்கிளைப் பழுது பார்க்க வேறிடத்துக்கு உருட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான்.

அளக்க வருவது உன் வேலை, வா. எங்கள் வாசலில் மட்டும் நிறுத்தாதே. மற்ற வண்டிகளைப் போலவே போய்விடு.

தம்பி