பதினேழாம் எண் டோக்கன்

ஜூன் 3
இன்றும் டோக்கனை எடுக்காமல் வந்துவிட்டேன். மீன் வைக்கும் குளிர் அறைக்குள் போகிறவர் வாசல் கொக்கியில் தன் டோக்கனை மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் எடுக்க வேண்டும். அது தொங்கிக்கொண்டிருக்கும்வரை யாரும் கதவைத் தாழிடக் கூடாது. மாட்ட நான் மறந்ததே இல்லை, எடுக்கத்தான் மறப்பேன். வழக்கம்போல அக்கா எடுத்து வந்து என் மடியில் போட்டாள். அங்கே அவள்தான் சூப்பர்வைசர். "உன் மறதிக்கு நான் சம்பளமில்லாத வேலைக்காரி" என்றாள். அப்புறம் சாமி படத்தின் முன்னால் அரை மணி நேரம் பாட்டு. நான் காதைப் பொத்திக்கொண்டு கிண்டல் செய்தேன்.

ஜூன் 9
உயிரோடு இருக்கிறேன்.

ஜூன் 11
விரல்கள் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. அன்று அந்த ஒரு வரிதான் எழுத முடிந்தது.

உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு மூடியது. உள்பக்கக் கைப்பிடி உறைந்து கிடந்தது. கத்தினேன், உதைத்தேன். உட்கார்ந்தால் செத்தேன் என்று தெரியும், அதனால் நடந்தேன். இரண்டு மணி நேரம். வாயில் வந்தது அக்காவின் பாட்டு. அதிலும் இரண்டு வரிதான் தெரியும். சாமி, யாரையாவது அனுப்பு — இதையே திருப்பித் திருப்பி. வெட்கமாகவே இல்லை.

திறந்தது ஒரு லாரி டிரைவர். ஆஸ்பத்திரிக்கும் வந்து பார்த்தார். "லோடு சீட்டுல ரெண்டாம் ரூம்னுதான் இருக்கு. மூணுக்கு ஏன் வந்தேன்னு எனக்கே புரியலம்மா" என்றார்.

ஜூன் 14
மெமோ வந்திருக்கிறது. நான் டோக்கன் மாட்டாமலே உள்ளே போனேன் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். திங்கட்கிழமை விசாரணை. உண்மை என்று முடிவானால் வேலை போய்விடும்.

சூப்பர்வைசராம். என் அக்கா!

கேட்டேன். எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ மாட்டலடி. மறந்திருப்பே." அடுத்த கவளத்தை உருட்டினாள். ஒருவேளை நான்தான் மறந்தேனோ?

ஜூன் 16
அக்கா வேலைக்குப் போன பிறகு சாமி படத்தின் முன்னால் போய் நின்றேன். நன்றி சொல்லத்தான். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் படத்தைத் துடைத்தேன். பின்னாலிருந்து ஏதோ விழுந்தது.

பதினேழு. என் டோக்கன்.

ஷிப்ட் முடிவில் அது தொங்குவதைப் பார்த்திருக்கிறாள். வழக்கம்போல நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எனக்காக எடுத்திருக்கிறாள், கதவைத் தாழிட்டிருக்கிறாள். அது தப்பு, போகட்டும். ஆனால் அப்புறம்? உன் வேலையைக் காப்பாத்திக்க எனக்குச் சோறு ஊட்டிட்டே பொய் சொன்னியே அக்கா! சாமிக்குப் பின்னாடியா ஒளிச்சு வைப்பே? நீ என்னைக் காட்டிக் கொடுத்தே, சாமி உன்னைக் காட்டிக் கொடுத்துட்டார்.

மேனேஜரிடம் போகலாம் என்று செருப்பை மாட்டினேன். கழற்றினேன். டோக்கனை இருந்த இடத்திலேயே வைத்தேன். பைத்தியமா எனக்கு? முன்பின் தெரியாத டிரைவரைக் கதவு மாற்றிக் கூட்டிவந்த சாமியால், தினமும் பாடுகிறவளைத் திருப்ப முடியாதா? திங்கள்வரை பார்க்கிறேன்.

ஜூன் 18
அக்கா இன்று பாடவில்லை.

ஜூன் 19
காலையில் படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். டோக்கன் இல்லை. தூக்கி எறிந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

விசாரணையில் மேனேஜர் என்னைக் கேட்பதற்கு முன்பே அக்கா எழுந்து டோக்கனை மேஜையில் வைத்தாள். "இவ மாட்டியிருந்தா சார். நான்தான் எடுத்தேன்." இத்தனை நாள் எங்கே இருந்தது என்று அவர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். "என்கிட்டதான் இருந்துச்சு."



ஜூலை 20
அக்கா இப்போது சூப்பர்வைசர் இல்லை, என்னோடு பெட்டி தூக்குகிறாள். ஒரு மாதமாக நான் அவளிடம் பேசவில்லை. பேச வரவில்லை, அவ்வளவுதான். அவளும் விசாரணைக்கு முந்தின நாளிலிருந்து பாடவில்லை. நான் மட்டும் காலையில் என் இரண்டு வரியை முணுமுணுக்கிறேன்.

இன்றுதான் என்னை மறுபடி குளிர் அறைக்கு அனுப்பினார்கள். டோக்கனை மாட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். வேலை முடித்து வெளியே வந்தால், அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாப்பாட்டு மணி அடித்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. டோக்கனை அவள் தொடவில்லை. நானே எடுத்தேன்.

"மூணாவது வரி என்னக்கா?" என்று கேட்டேன்.