முனையிலிருந்த கடைசி வீடு

என்ரை இஞ்சாருங்கோவுக்கு,

இருபத்தெட்டு வருசம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், கடிதத்தில் மட்டும் எப்படிக் கூப்பிடுவேன்? இப்படியே இருக்கட்டும்.

போன மாதம் நானும் மகளும் நோர்வேக்குப் போய்வந்தோம். "அப்பா வேலை செய்த இடத்தை ஒருக்காப் பாக்கவேணும் அம்மா" என்று அவள்தான் ரிக்கெற் போட்டாள். நான் இரண்டு கிழமை ஏலாது என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தக் கடலிலிருந்து உங்களைப் பிடித்திழுத்து லண்டனுக்குக் கொண்டுவந்தவள் நான். அந்தக் கோபம் கடைசிவரை உங்களுக்குள் இருந்ததா? உயிரோடு இருந்தபோது கேட்கத் துணியவில்லை. அங்கே போனால் யாராவது "ஓம், இருந்தது" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

பியோர்ட் மாறவில்லை. இரண்டு பக்கமும் மலை நெருக்க, நடுவில் கடல் ஒடுங்கி ஒடுங்கி உள்ளே போகிறது. கரையோரக் கப்பல் ஒவ்வொரு துறையிலும் நின்றது. ஓரிடத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியை இறக்கினார்கள், இன்னோரிடத்தில் ஒரு அம்மாவும் அவவின் நாயும் ஏறினார்கள். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் பஸ் ஏறுவது மாதிரி அவர்கள் கப்பல் ஏறுகிறார்கள். மரச் சட்டங்களில் மீன் காயப்போட்டிருந்த இடத்தில் மகள் மூக்கைப் பொத்தினாள். "மன்னார் மீன்காரன்ரை பேத்திக்கு இது மணக்குதோ?" என்று கேட்டேன், சிரித்தாள்.

நாங்கள் அங்கே இருந்த ஊரின் தேவாலயத்தில் அந்தச் சின்னக் கப்பல் இன்னும் கூரையிலிருந்து தொங்குகிறது. நீங்கள் பிரசங்கத்தைக் கேட்காமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வெளியே, கடலில் போனவர்களின் பெயர் வெட்டிய கல் அப்படியே நிற்கிறது. அந்தக் கல்லைச் சொல்லித்தான் நான் அன்று சண்டை பிடித்தேன்.

மறந்திருக்க மாட்டீர்கள். மாசி மாதம், பின்னேரம் நாலு மணிக்கு வரவேண்டிய உங்கள் மீன்பிடிப் படகு எட்டு மணிக்குத்தான் வந்தது. வெளியே பனிப்புயல். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை செபமாலையாகச் சொன்னேன். நீங்கள் வந்து சப்பாத்தைக் கழற்றக்கூட விடவில்லை. "அந்தக் கல்லிலை உங்கடை பேரும் வரவேணுமோ? கடலோ நாங்களோ, ஒண்டைச் சொல்லுங்கோ." நீங்கள் ஈரக் கையுறையை ஹீட்டருக்கு மேல் வைத்துவிட்டு, "சரி, விடுறன்" என்றீர்கள்.

லண்டனில் இருபத்திரண்டு வருசம் பஸ் ஓட்டினீர்கள். பிரைட்டன் கடற்கரைக்குப் போனால் காரை விட்டு இறங்காமல் பேப்பர் படித்தீர்கள். "கொப்பர் மூஞ்சையை நீட்டிக்கொண்டிருக்கிறார்" என்று நான் பிள்ளையிடம் புறுபுறுப்பேன். உள்ளுக்குள் பயம் எனக்கு.

உங்கள் படகின் சொந்தக்காரர் ஆர்னே துறையில் காத்துக்கொண்டு நின்றார். எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் கயிறு கட்ட அவர்தான் முன்னுக்கு வருகிறார். வீட்டில் கோப்பி ஊற்றித் தந்தார். மறந்துபோன நோர்வேஜிய மொழியில் தட்டுத்தடுமாறிக் கேட்டேன்: "நான் சொல்லித்தான் கடலை விட்டவர். என்னிலை கோபமா இருந்தவரோ?"

இல்லை என்று தலையாட்டினார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது, மகள்தான் போனில் போட்டு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

"அண்டைக்கு ராடார் ஐஸ் பிடிச்சு வேலை செய்யேல்லையாம். வீட்டு லைற்றுகளைப் பாத்துத்தான் வந்தவையாம். முனையிலை இருந்த கடைசி வீட்டைக் கண்டாப் பிறகுதான் துறைப்பக்கம் திரும்பவேணுமாம். அந்த வீட்டைக் காணேல்லையாம். பாறைக்குக் கிட்டப் போய், மயிரிழையிலை தப்பி, ஒரு தீவுக்குப் பின்னாலை நங்கூரம் போட்டு நிண்டவையாம்." அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, அது எங்கடை வீடு. உங்கடை கேர்ட்டின்."

அந்தச் சனம் யன்னலுக்குத் திரை போடுவதில்லை. மாரியில் எல்லா யன்னலிலும் ஒரு விளக்கு இருக்கும். வெக்கமில்லாத சனம் என்று நான் நக்கலடித்திருக்கிறேன். புருசன் கடலுக்குப் போன வீட்டில் ஒருத்தி தனியே இருக்கிறாள் என்று ஊருக்கு ஏன் காட்டவேணும்? இருட்ட முதலே தடித்த திரையை இழுத்து, நடுவில் ஊசியும் குத்திவிடுவேன். அந்தத் திரைக்குப் பின்னால் இருந்துதான் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்லி மாதாவை மன்றாடினேன்.

மனிசியிடம் சொல் என்று ஆர்னே அடுத்த நாளே சொல்லியிருக்கிறார். நீங்கள் மாட்டேன் என்றீர்களாம். "சொன்னால் அவள் சாகும்வரைக்கும் அதையே நினைச்சுக்கொண்டிருப்பாள்."

ஒரு வசனம் போதுமே. 'பிழை கடலிலை இல்லை, உம்மடை திரையிலை' என்று சொல்லியிருந்தால் நான் வாய் மூடியிருப்பேன், நீங்கள் படகிலேயே இருந்திருப்பீர்கள். எனக்கு உங்களில் கோபம்தான் வந்தது, மறைக்கமாட்டேன். என்னை அவ்வளவு தாங்காதவள் என்றா நினைத்தீர்கள்? அந்தக் கோபத்தோடு துறைவரைக்கும் நடந்தேன். அங்கே போய் நின்று அழுதேன். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏன் அழுதேன் தெரியுமா? இத்தனை வருசமும் பங்குக் கோவில் மண்டபத்தில் நான் சொல்லித் திரிந்த கதை ஞாபகம் வந்தது. "நான் மட்டும் இல்லாட்டி இவர் எப்பவோ கடலோடை போயிருப்பார்." நீங்கள் பக்கத்திலிருந்து தேத்தண்ணியைக் குடித்தபடி, "ஓம், அவதான் என்னைக் காப்பாத்தினவ" என்பீர்கள். சனம் சிரிக்கும். உங்களை அடக்கம் செய்த அன்றும் அதையே சொன்னேன்.

வாற மாதம் உங்கள் ஓராண்டுப் பூசை. பூசை முடிய எல்லாரும் அதே மண்டபத்தில்தான் இருப்பார்கள். எழும்பி நின்று சொல்வேன்: "என்ரை மனிசனை அண்டைக்குச் சாகக் குடுக்கப் பாத்தது கடல் இல்லை, நான். அவர் அதைத் தெரிஞ்சுகொண்டுதான் எனக்காகக் கடலை விட்டவர்." தேவையில்லை அம்மா என்கிறாள் மகள். தேவை. நான் கட்டின கதையை நான்தான் அவிழ்க்கவேணும்.

இந்த முறை பக்கத்திலிருந்து 'ஓம்' போட நீங்கள் இருக்கமாட்டீர்கள். பரவாயில்லை, தாங்குவேன்.

உங்கடை மனிசி,
றெஜினா
தோர்ண்டன் ஹீத்