மணப்போர்வையின் தோள்புறத் தையல்

நலமே முந்துக. வெண்கம்பளி விளையும் ஆடுகோட்டு நாட்டின் பட்டத்தரசி குவளைமாதேவி, மழை ஓயாத வேங்கைத்துறைக் கோட்டையின் தலைவி எழினியம்மைக்கு விடுக்கும் ஓலை. நும் மதில் நிலைக்க. நும் ஆடுகள் இரட்டைக் குட்டி ஈனுக.

எல்லை வழக்குத் தீர்க்க வந்த எம் பெருமானை மழை மறித்தபோது நாற்பது நாள் விருந்தோம்பினீர்; அதற்கு நன்றி. இனி வருவது நன்றியன்று.

எம் நாட்டு மணமகள் கணவனுக்கெனத் தானே நெய்யும் மணப்போர்வையின் ஓரமடிப்பில், பின்னாளில் கிழிந்தால் தைப்பதற்கென ஒரு சுற்று நூல் ஒளித்து வைப்பாள் என்பதையும், கணவன் மனைவி இருவரன்றிப் பிறர் அதைத் தொடலாகாது என்பதையும் அறிவீர். எம் பெருமான் திரும்பிய அன்று, போர்வையின் தோள்புறத்தே கட்டைவிரல் அகலத்துக்குப் புதுத் தையல் கண்டோம். மடிப்பைத் தடவினோம், நூல் இல்லை. தைத்தது யார் என வினவியதற்கு, குதிரைக்குக் கொள்ளு வைத்தாயிற்றா என்று கேட்டுச் சிரித்தார்.

அத்தையல் அழகாயிருந்ததே எம்மைச் சுட்டது. எவளோ எம் நூலைத் தொட்டாள், அவளுக்கு அந்த மடிப்பைக் காட்டிக் கொடுத்தவர் எம் பெருமானே என்று எண்ணி எண்ணி வயிறெரிந்தோம். அவர் விரல் நுனியில் ஊசி குத்திய புள்ளிகளைக் கண்டும் புத்தி வரவில்லை. ஊசியெடுத்து இழை இழையாகப் பிரித்தோம். பிரித்த வேகத்தில் பாவிழை மூன்று அறுந்து, கிழிசல் உள்ளங்கை அகலமாயிற்று.

மறுநாள், அவருடன் சென்றுவந்த குடைபிடிக்கும் நன்மாறனை ஆணையிட்டுக் கேட்டோம். முட்புதரில் போர்வை கிழிந்ததாகவும், தேவியாரின் வாய்க்கு மன்னர் அஞ்சியதாகவும், பிறர் அந்நூலைத் தொடலாகாதாகையால் நும் கோட்டையில் கிழிசல் தைக்கும் காரி என்பவளிடம் பயின்று தம் கையாலேயே தைத்ததாகவும் அவன் விண்ணப்பித்தான். நான் அழுதேன்.

பௌர்ணமியன்று அவர் முடிசூடிய நாளின் விழா. அப்போர்வையைப் போர்த்தித்தான் அவர் அரியணை ஏறுவார். அதற்குள், பிரித்ததை அவர் அறியாதபடி, அவர் தைத்தது போலவே யாம் தைத்தாக வேண்டும். ஆதலால் காரியை விரைந்து அனுப்புக. கம்பளித் தரம் பார்க்க வந்தவள் என்று இங்கே சொல்லிக்கொள்வோம்.

மற்றொன்று. நாற்பது நாள் அவர் பக்கத்தில் அமர்ந்தவளின் வயதென்ன? இளையவளாயின் கணவனோடு வருக. கணவனில்லையேல் நீரும் உடன் வருக. அரசர் அறியாது எழுதினோம், படித்ததும் அடுப்பிலிடுக. இவை குவளைமாதேவி மோதிரமொற்றிய சொற்கள்.

இதன் கீழ், அரசர் கைப்பட எழுதியது:

எல்லை கடக்கும் எவ்வோலைக்கும் எம் முத்திரை வேண்டும் என்பதைக் கோபத்தில் தேவி மறந்தார். படித்தோம். காரி வரவேண்டா. தேவி அருகிலிருந்து குறை சொல்ல, கிழிசலை யாமே மறுபடி தைப்போம். ஆயின் காரிக்கு எழுபத்தொரு வயது என்று யாம் சொன்னால் இங்கே எடுபடாது. அதை நும் கைப்பட எழுதி, இவ்வோலை கொணர்ந்தவனை, அவன் தண்ணீர் அருந்தும் முன் திருப்பி அனுப்புக. இது அரச ஆணை.