எதிராளிக்கு ஒரு தலைப்பு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஐப்பசித் துலாமழை மூடிக்கொண்டு நிற்கிறது, பெய்யவும் மாட்டேன் என்கிறது. துணி காயவில்லை. கேஸ் புக் செய்தாயிற்று. டெய்லரிடம் பிளவுஸ் வாங்க வேண்டும். நாளை என்கிறான். அவன் நாளை எது என்று கடவுளுக்கே தெரியாது.

ஆபீசில் இருக்கும்போது சேனலிலிருந்து நீத்து. ப்ரொட்யூசர் பெண். சந்தோஷத்தில் கத்துகிறாள். "சேச்சி, லாட் எடுத்து! செமி ஃபைனல் சேச்சியும் சாரும் தம்மிலா!" சீட்டுக் குலுக்கியதில் எனக்கும் சாருக்கும்தான் மோதலாம்.

சார் என்றால் குமரேசன், என் வீட்டுக்காரர். முழுப்பெயர் எழுதினால் மரியாதை கூடிவிடுகிறது. இந்த வாரத்துக்கு கு. போதும்.

பழைய சாம்பியன்கள் எட்டுப் பேரை மறுபடி கூப்பிட்டு நடத்தும் க்விஸ். எட்டு நாலானது. நாலில் இரண்டு ஒரே வீட்டில், திருவனந்தபுரம் கரமனையில், ஒரே மிக்ஸியை வைத்துக்கொண்டு. வெவ்வேறு வருடங்களில் ஆளுக்கொரு கப் வாங்கி ஷோகேஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இதுவரை மோதியதில்லை.

இந்தத் தடவை கப் மட்டுமில்லை. ஜெயிக்கிறவருக்கு அந்தச் சேனலிலேயே கேள்வி தயாரிக்கும் வேலை. கு.வின் ஐ.டி. கம்பெனி இங்கே ஆபீசை மூடிப் பல மாதமாகிறது. எனக்கோ, ஆடிட்டர் ஆபீசில் அடுத்தவர் வரவு செலவைச் சரிபார்த்துக் கண்ணாடிக்குப் பவர் ஏறியதுதான் மிச்சம். எனக்கும் அந்த வேலை வேண்டும். வெளியே சொன்னால் பேராசை என்பார்கள். இங்கே எழுதலாம்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னேன். "ஆணோ? அப்படியா?" என்றார். பிறகு, "நல்லதாப் போச்சு. எப்படியும் நம்ம வீட்ல ஒராள் ஃபைனல்ல உண்டு" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். சாப்பிட்டதும் அவர் லேப்டாப்போடு உள் அறை, நான் என் லேப்டாப்போடு ஹால். அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனபோது ஸ்கிரீனைப் பாதி மூடினார்.

நவம்பர் 6, வியாழன்

மழை. ஹால் ஜன்னல் பக்கம் ஒழுகுகிறது. பக்கெட்.

நாகர்கோவிலிலிருந்து மதினி போன். கு.வின் அக்கா. முதலில் மழையைப் பற்றி, அப்புறம் என் சளியைப் பற்றி, அப்புறம்:

"வடிவு, மக்ளே, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கப்பிடாது, கேட்டியா. வேல போனதுலேருந்து அவன் மொகமே சரியில்ல. நீ கொஞ்சம் விட்டுக்குடுத்துரு. ஒனக்கு வேல இருக்குல்லா?"

"நான் விட்டுக்குடுத்தா அவருக்குத் தெரிஞ்சிரும் மதினி."

"தெரியாத மாதிரி குடு."

இதற்கு ஒரு கோச்சிங் வைத்தால் மதினியே நடத்தலாம். ஆபீசிலும் இதே பாட்டு. ஆடிட்டர் சாரே "பாவம், ஆம்பிளை வீட்டில இருக்கிறது கஷ்டம்" என்கிறார். நான் இந்தச் சீட்டில் இருப்பது கஷ்டம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எரிச்சல்.

நீத்து விதிமுறையை அனுப்பியிருக்கிறாள். கடைசி ரவுண்டில் போர்டில் ஆறு தலைப்பு. தனக்கில்லை, எதிராளிக்குத் தலைப்பு எடுக்க வேண்டும். மூன்று கேள்வி. எதிராளிக்கு எது வராது என்று தெரிந்தவர் பிழைத்தார். மற்ற இருவரும் யூடியூபில் பழைய எபிசோடுகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்களாம். எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

கு.வுக்கு வராதவை:
சமையல்
பூ, செடி
துணி வகை
என் பிறந்தநாள் (போர்டில் வராது)

எனக்கு வராதவை பற்றி அவர் என்ன நினைக்கிறார்? தெரிந்துகொள்ள ஆசை. பயம்.

இடியாப்பம் பிழிந்துகொண்டிருக்கும்போது அடுக்களைக்கு வந்தார். கேட்டுவிட்டேன்.

"இங்க பாருங்க. யாரும் யாருக்கும் விட்டுக்குடுக்கப்பிடாது. நீங்க விட்டுக்குடுத்து நான் ஜெயிச்சேன்னு தெரிஞ்சா, கப்பைக் கொண்டுபோய் ஆத்துல போட்டுருவேன்."

"நீயும் அப்படித்தான்."

"சத்தியம்?"

"சத்தியம்."

மாவுக் கையோடு அடித்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொன்னார். அப்போது அவரை ரொம்பப் பிடித்தது.

நவம்பர் 8, சனி. ஷூட்டிங்

வெயில், நம்ப முடியாத வெயில். கேமராவுக்கு வெள்ளைப் புடவை கூடாது, பொடிக்கட்டம் கூடாது. பச்சை கட்டினேன். பிளவுஸ் ஒரு கை இறுக்கம். டெய்லரை என்ன செய்யலாம்.

ஒரே ஆட்டோவில் போனோம். தம்பானூர் டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றோம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டிவியில வருந்நவரல்லே? இன்னு ஆரு ஜயிக்கும்?" என்றார், இன்றைக்கு யார் ஜெயிப்பது என்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அறியில்லா", தெரியாது, என்றோம்.

ஏசி. விரல் நுனி மரத்துவிட்டது. பஸர் அழுத்த வருமா என்று மேசைக்கு அடியில் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். எதிரே கு. கண்ணாடியைத் துடைக்கிறார், துடைத்ததையே துடைக்கிறார். பயம்தான். பதினாறு வருடத்துப் பழக்கம், எனக்குத் தெரியாதா.

பஸர் ரவுண்டில் அவர் இரண்டு முந்தினார், நான் இரண்டு பிடித்தேன். கடைசி ரவுண்டு வரும்போது சமம். போர்டு திறந்தது: நாணயம், நதி, அடுக்களை, ஆகாசம், பாட்டு, பந்து.

டாஸ் எனக்கு. மதினி ஞாபகம் வந்தாள். சத்தியம் ஞாபகம் வந்தது.

"அடுக்களை" என்றேன்.

கூட்டம் சிரித்தது. கு. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். பெருங்காயம் எதிலிருந்து வருகிறது? வேரில் வடியும் பால். சரி. காளனுக்கும் புளிசேரிக்கும் என்ன வித்தியாசம்? "ரெண்டும் ஒண்ணுதன்னே" என்றார். இரண்டும் மோர்க்குழம்பு வகை, ஆனால் காளன் கெட்டி. ஓணத்துக்கு ஓணம் இரண்டையும் இலையில் வைத்தேனே, என்ன பிரயோஜனம். மூன்றாவதை முயற்சி செய்யாமலே விட்டார். மூன்றுக்கு ஒன்று.

இப்போது அவர் முறை. போர்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆகாசம்."

அந்தத் தலைப்பு எனக்குப் பழைய புண். காரணம் உண்டு. போன தடவை நடந்த சாம்பியன்கள் போட்டி, ஃபைனல், கடைசிக் கேள்வி. எல்லாக் கிரகத்திலும் சூடு அதிகமான கிரகம் எது? முதலில் அழுத்தியது நான். வாயில் வந்தது "வெள்ளி". படித்தது தமிழ் மீடியம், பதற்றத்தில் அதுதான் வந்தது. மலையாளத்தில் வெள்ளி என்றால் கிழமை, இல்லாவிட்டால் கொலுசு செய்கிற வெள்ளி. அந்தக் கிரகத்துக்கு அவர்கள் சுக்ரன் என்பார்கள். பதில் மலையாளத்தில் இருக்கவேண்டும், இல்லை இங்கிலீஷில். "கிரகமாணு சோதிச்சது, ஆழ்ச்சயல்லா" என்றார் க்விஸ் மாஸ்டர், கேட்டது கிரகத்தை, கிழமையை இல்லை என்று. ஹால் முழுக்கச் சிரிப்பு. கப் போனது. கிழக்கேகோட்டை காய்கறிக் கடையில் இன்னும் நான் வெள்ளியாழ்ச்ச சேச்சிதான், வெள்ளிக்கிழமை அக்கா.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மாடி. போனில் வானம் காட்டும் ஆப், மலையாள நட்சத்திரப் பெயர்கள், எல்லாம் மனப்பாடம். மழை இல்லாத நாளெல்லாம் போவேன்.

முதல் கேள்வி. சோதி, அதாவது நம் சுவாதி, நட்சத்திரத்தின் இங்கிலீஷ் பெயர்? ஆர்க்டியூரஸ். சரி. இரண்டாவது, வானத்தில் மிகப் பெரிய நட்சத்திரக் கூட்டம். கன்னி என்றேன். அது இரண்டாவதாம். மூன்றாவது: வருடத்தைவிட நாள் நீளமான கிரகம் எது?

தெரியும். தெரிந்ததுதான் ஆபத்து. முதலில் நாக்கில் வந்து நின்றது வெள்ளிதான். பல்லைக் கடித்தேன். நேரம் ஓடுகிறது. கூட்டத்தில் யாரோ "வெள்ளியாழ்ச்ச" என்று கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"சுக்ரன்."

ஜெயித்துவிட்டேன். க்விஸ் மாஸ்டர் கு.வின் தோளில் கை போட்டு, "பார்யக்கு வேண்டி அறிஞ்ஞுகொண்டு கொடுத்ததல்லே?" என்றார். பெண்டாட்டிக்காகத் தெரிந்தே கொடுத்தீர்களா என்று. கு. மறுக்கவில்லை. சிரித்தார். கைதட்டல்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகமூட்டம். தலைவலி.

தினமும் மாடிக்குப் போகிறவள் எதற்குப் போகிறாள் என்று வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஆகாசத்தை எடுத்திருக்கிறார். சத்தியம் செய்த கை காய்வதற்குள். ஜெயித்தது நானில்லை, அவருடைய பெருந்தன்மை. நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

காலையில் சேனல் ப்ரோமோ போட்டுவிட்டது. கு. சிரிக்கிற முகம், சோக வயலின். மதினி அழுதுகொண்டு போன். "என் தம்பி விட்டுக்குடுத்துட்டான், பாத்தியா! இப்படி ஒரு மாப்ள கெடைக்குமா?" கீழ்வீட்டு அம்மா பாயசம் கொடுத்தனுப்பினாள், அவருக்கு.

ரசம் மட்டும் வைத்தேன். தொட்டுக்கொள்ள ஒன்றும் செய்யவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டார். மாடிக்குப் போகவில்லை.

நவம்பர் 10, திங்கள்

மழை இல்லை. கேஸ் வந்தது. ஃபைனல் சனிக்கிழமை.

தோசை வைக்கும்போது கேட்டுவிட்டேன்.

"சத்தியம் பண்ணிட்டு எதுக்கு விட்டுக்குடுத்தீங்க?"

"ஆரு விட்டுக்குடுத்தது?"

"ஆகாசம் எடுத்தீங்கல்லா?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த வெள்ளிக்குப் பொறவு நீ அந்தப் பக்கமே போகமாட்டேன்னு நெனச்சேன். கேட்டாலே நீ பதறிருவேன்னு. ஜெயிக்கத்தான் எடுத்தேன் வடிவு. எனக்கு அந்த வேல வேணும்."

"பின்ன அங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"கேமரா முன்னால வேற என்ன சொல்ல? எம்பொண்டாட்டிக்கு இது வராதுன்னு நெனச்சேன்னா? அத்தன பேர் முன்னால ஒன்ன விட்டுக்குடுக்க முடியுமா?"

"நான் தெனமும் மாடிக்குப் போறது?"

"எங்க அக்காகூட போன்ல பேசத்தானே?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

ஆக, நேர்மையாகத்தான் ஜெயித்திருக்கிறேன். நான் கேட்டது அதுதானே. சத்தியத்தை அவர் மீறவில்லை, குறை சொல்ல வழியே இல்லை. இருந்தும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிழக்கேகோட்டை வரை அழுதேன். ஊருக்கெல்லாம் என்னைப் பற்றி என்ன தெரியுமோ, அதுதான் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஃபைனலுக்கு நதிகள் படிக்க வேண்டும். ஆமா, ஒனக்காகத்தான் எடுத்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.