கெசியாவுக்கு ஏற்ற ஊர்

பாளையங்கோட்டை,
1908 ஜனவரி 20

தென்னாப்பிரிக்கா நேட்டாலில் கரும்புத் தோட்டத்து மிஷன் பள்ளி உபாத்தியாயராயிருக்கும் என் பிரியமுள்ள கணவர் அவர்களுக்கு ஹெப்சிபா வணக்கத்துடன் எழுதுவது. தேவகிருபையால் நானும் பிள்ளைகள் கெசியாவும் லில்லியும் சுகம். கடலுக்கு அப்பால் இருக்கும் தங்கள் சுகத்துக்காகக் காலையும் மாலையும் ஜெபிக்கிறோம்.

தங்கள் பதினொரு பக்கக் கடிதம் கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டாம் நாள் வந்தது. அதில் பத்துப் பக்கம் ஊர்களைப் பற்றியே இருந்தது. நாங்கள் வந்து சேர டர்பன் நல்லதா, மாரிட்ஸ்பர்க் நல்லதா, லேடிஸ்மித் நல்லதா என்று என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறீர்கள். டர்பனில் நம் சனம் அதிகம், தமிழ் ஆராதனை உண்டு, ஆனால் கொசுவும் காய்ச்சலும். மாரிட்ஸ்பர்க்கில் நல்ல காற்று, ஆனால் லில்லியின் மூச்சிளைப்புக்கு அந்தக் குளிர் ஆகுமோ என்னவோ. லேடிஸ்மித்தில் வீடு சுலபமாய்க் கிடைக்கும், ஆனால் எனக்குப் பேச்சுத் துணை இராது. தூத்துக்குடிக்கு அப்பால் ஓர் ஊரையும் பாராத நான் என்ன சொல்ல? லில்லி பள்ளியிலிருந்து தேசப்படம் வாங்கிவந்து தேடினாள். மூன்று ஊரும் அவள் ஒரு விரலுக்குள் அடங்கிவிட்டன.

இவ்வளவு யோசனையும் கெசியாவுக்காகத்தான் என்று எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். இரண்டு வயதுக் காய்ச்சலில் காது போன பிள்ளை, இங்கே காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்தபின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறாள், நன்றாய் எழுதுகிறாள், பழகியவர்களிடம் வாய் திறந்து நாலு வார்த்தையும் பேசுகிறாள். அப்படிச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் அங்கே எந்த ஊரில் உண்டு என்று விசாரித்து முடியுமட்டும் பொறுக்கச் சொல்கிறீர்கள். பொறுத்திருக்கிறோம். தங்கள் நெஞ்சுவலிக்குச் சுக்குக் கஷாயம் போட்டுக் குடியுங்கள்.

தங்கள் அன்பு மனைவி,
ஹெப்சிபா

பாளையங்கோட்டை,
1909 மார்ச் 11

என் பிரியமுள்ள கணவர் அவர்களுக்கு,

கர்த்தர் தங்களைக் காப்பாராக. இங்கே மூவரும் சுகம். லில்லிக்கு மட்டும் பனிக்காலம் முழுவதும் இளைப்பு விடவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தபோது வண்ணாரப்பேட்டைப் பக்கம் சில வீடுகளில் தண்ணீர் ஏறிற்று. நம் வீட்டுக்கு ஒன்றுமில்லை.

என் தம்பி பாக்கியசீலன் சேரன்மகாதேவியிலிருந்து சென்னைக்குப் போனபோது, நான் சொல்லி அனுப்பியபடி கப்பல் கம்பெனியில் விசாரித்து வந்தான். அங்கே குடியிருப்பவர் தம் மனைவி பிள்ளைகளின் பேருக்குச் சர்க்காரிடம் அனுமதிப் பத்திரம் எடுத்து அனுப்பினால்தான் கப்பலில் ஏற்றுவார்களாம். பிள்ளைகளுக்குப் பதினாறு வயது நிறைந்துவிட்டால் பத்திரம் இருந்தாலும் கரையில் இறங்க விடமாட்டார்களாம். இது தங்களுக்குத் தெரியாமலிராது. ஆனாலும் தாங்கள் எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன். கெசியாவுக்கு வருகிற ஆகஸ்டில் பதினைந்து நிறைகிறது.

பாக்கியசீலன் என்னிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினான். “அத்தான் பைய யோசிக்கட்டும்னு நீயும் சும்மா இருக்காத அக்கா. அவுஹ யோசிச்சு முடிக்கதுக்குள்ள பிள்ளை குமரி ஆயிருவா” என்றான்.

இப்போது நியூகாசில் என்ற ஊரையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நிலக்கரித் தூசி அதிகம் என்று தாங்களே சொல்லிவிட்டு, அதையும் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். கெசியாவுக்கு இனிப் பள்ளி வேண்டியதில்லை. படிக்க வேண்டியதைப் படித்துவிட்டாள். இப்போது லேஸ் பின்னுகிறாள். எந்த ஊரானாலும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள்.

இன்னொன்று. அங்கே ஊர் அமையாவிட்டால் தாங்களே இங்கே திரும்பி வந்துவிடலாம். சபையாரோடு வந்த வழக்கில் தாங்கள் இங்கே பள்ளி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அதை இப்போது பேசுவாரில்லை. அன்று பேசியவர்களில் இரண்டு பேர் உயிரோடும் இல்லை.

இப்படிக்கு,
ஹெப்சிபா

பாளையங்கோட்டை,
1910 பிப்ரவரி 8

பிரியமுள்ள கணவர் அவர்களுக்கு,

சுகம். தங்கள் சுகமறிய ஆவல்.

இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வர ஐந்து வாரமாகும். தங்கள் பத்திரம் இங்கே வர இன்னும் ஐந்து வாரம். கப்பலில் நாங்கள் வர ஏறக்குறைய ஒரு மாதம். கெசியாவுக்குப் பதினாறு நிறைவது ஆகஸ்ட் 14. தங்களுக்கு நாள் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

மாரிட்ஸ்பர்க். என் அபிப்பிராயம் அதுதான். லில்லியின் இளைப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். கம்பளித்துணி வாங்கிவைத்துவிட்டேன். வீடு கிடைக்காவிட்டால் ஓர் அறை போதும். அதுவும் கிடைக்காவிட்டால் தாங்கள் இருக்கும் தோட்டத்துப் பள்ளியிலேயே மூலையில் படுத்துக்கொள்கிறோம். கெசியாவுக்குப் பள்ளியைப் பார்க்க வேண்டாம். காற்றைப் பார்க்க வேண்டாம். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் எழுந்துபோய்ப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

திரும்பி வருவதைப் பற்றி நான் கேட்டதற்குத் தாங்கள் பதில் எழுதவில்லை. அது போகட்டும்.

ஹெப்சிபா

பாளையங்கோட்டை,
1910 அக்டோபர் 3

என் பிரியமுள்ள கணவர் அவர்களுக்கு,

சமாதானத்தின் தேவன் தங்களோடு இருப்பாராக. தங்கள் ஜூலைக் கடிதமும் பத்திரமும் ஆகஸ்ட் 29ஆம் தேதி வந்து சேர்ந்தன. மாரிட்ஸ்பர்க்கில் வீடு பிடித்துவிட்டதாகவும், முன்னால் தாழ்வாரச் சாய்ப்பும் பின்னால் இரண்டு பீச் மரமும் இருப்பதாகவும், சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். ஏப்ரல் விடுமுறையில் நியூகாசிலுக்குப் போனதையும், காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு வெள்ளைக்காரம்மாளுக்குக் கேப்டவுனுக்கு எழுதி, பதிலுக்காக ஜூன் முழுவதும் காத்திருந்ததையும் எழுதியிருந்தீர்கள். நம் சனத்தின் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்று அவர்கள் எழுதிவிட்டதையும் வாசித்தேன். தாங்கள் அலைந்தது யாருக்காக என்று எனக்குத் தெரியும். ஆகையால் இந்தக் கடிதத்தில் கோபம் இருப்பதாக எண்ண வேண்டாம்.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு பாக்கியசீலன் சென்னைக்குப் போனான். கம்பெனி குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, சின்னப் பெண்ணையும் தாயாரையும் ஏற்றலாம், பெரியவளை ஏற்ற முடியாது, ஏற்றினாலும் டர்பனிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னாராம். வயதில் இரண்டைக் குறைத்து எழுதி வாங்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, நானும் வெட்கத்தை விட்டுக் குருவானவரிடம் போய்க் கேட்டேன். அவர் ஞானஸ்நானப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அந்த வருஷம் தாங்கள்தானே சபைக் கணக்குப் பிள்ளையாயிருந்தீர்கள். கெசியா என்ற பெயரும் பிறந்த தேதியும் தங்கள் கையெழுத்தில் மற்றப் பெயர்களைவிடக் கொட்டையாய் இருந்தன. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கெசியாவை என் தம்பி வீட்டில் விட்டுவிட்டு லில்லியோடு புறப்படும்படியும், பிறகு ஏதாவது வழி பார்க்கலாம் என்றும் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு வரியில் மட்டும் தங்கள் எழுத்து நேராய் நிற்கவில்லை. நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அந்தக் கடிதத்தை அவள் எடுத்து வாசித்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது என் துணிகளையும் லில்லி துணிகளையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள் என்பது தங்களுக்குத் தெரியும். அன்று எழுந்து வந்து, என் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாய்ச் சத்தமாகச் சொன்னாள்.

“அம்மா, நீ போ. அப்பா பாவம். நான் இங்கன இருக்கேன்.”

அவள் சத்தம் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சந்தனமாரி பயந்து ஓடிவந்துவிட்டாள்.

பெட்டியிலிருந்ததை எல்லாம் நான் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். நாங்கள் வரவில்லை. லில்லியைத் தனியே அனுப்பவும் மாட்டேன். என் தம்பி நல்லவன். ஆனால் அவன் மனைவி கெசியாவின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். திரும்பி நின்று பேசுவாள். எனக்குப் பின் கெசியாவுக்கு யார் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொள்வதில்லை.

திரும்பி வாருங்கள் என்று இனி எழுதமாட்டேன். தாங்கள் விட்டுப்போன வேலையில் வேறொருவர் அமர்ந்துவிட்டார், அவர் மகனும் இப்போது உபாத்தியாயர் ஆகிவிட்டான். தங்கள் மனம் எனக்குத் தெரியும்.

வீட்டை விட்டுவிட வேண்டாம். வெள்ளை அடித்த வீடு, தாங்களே அதில் இருங்கள். பனிக்காலத்தில் மார்பை மூடிக்கொள்ளுங்கள்.

ஒரு காரியம் மட்டும் கேட்கிறேன். என் பேருக்கு எழுதினாலும் எழுதாவிட்டாலும், கெசியா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். வயதைப் பற்றியோ, கப்பலைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை வேண்டாம். அந்த ஊர் அப்படியொன்றும் நல்ல ஊரில்லை, யாரும் வரத் தகுந்த இடமில்லை என்று எழுதுங்கள். தங்கள் கையெழுத்தில் இருந்தால் நம்புவாள். தேவன் தங்களைக் கைவிடாதிருப்பாராக.

தங்கள்,
ஹெப்சிபா