காதுகுத்தில் சரிதாவைக் கேட்ட கேள்வி

மாதேஸ்வரனுக்கு ஒங்கம்மா பெருமாயி சொல்லச் சொல்ல எழுதறது. மஸ்கட்டுல ஒடம்பு சொகமா இருக்கறயா. இங்க நானும் ஒம்பொண்டாட்டி சரிதாவும் சொகந்தான், ஒன்னால இல்ல. போன்ல சொன்னா பாதியில வெச்சுருவே, அதான் காயிதம்.

வெண்ணந்தூர்ல ஒங்கக்கா மகன் காதுகுத்துல, ஒறம்பரை அத்தன பேரும் பந்தியில குந்தியிருக்க, போன்ல மொகத்தக் காட்டி, ஹி வாக்ஸ் ஸ்லோலி, இதுல அட்வெர்ப் எது சொல்லுன்னு சரிதாவக் கேட்டே. அத்தன கண்ணும் பாக்கவும் அவளுக்கு வாய் வரல. எருமைக்கு இங்கிலீசு ஏறுமா, ஏறுனாத்தான் விசான்னு சொன்னே. ஒங்க மாமன் அப்புசாமி ரசத்த ஊத்திக்கிட்டே சிரிக்கறான். அவன் யாரு, சங்ககிரியில லாரிக்குக் கிளீனராப் போயி, போர்டு படிக்கத் தெரியாம கோயமுத்தூர் லோடை ஈரோட்டுல எறக்குனவன். அவங்கதை கெடக்குது.

அவளுக்குத் தெரியாமயில்ல. பண்ணையில முட்டை பொறுக்கறப்பக்கூட வாய்க்குள்ளயே படிக்கறா. என்னடி அந்த அட்வெர்ப்புன்னு நாந்தான் கேட்டேன். என்ன வேலைன்னு மொதல்ல பாருங்கத்தே, அதை எப்படி, எப்ப, எங்க செஞ்சாங்கன்னு கேளுங்க, அதுக்குப் பதில் சொல்ற சொல்லுதான்னா. குஞ்சுக் கொட்டாய்க்குள்ள கதவத் தட்டிட்டு மெதுவாப் போறமல்ல, அந்த மெதுவாங்கறது அதானாமா. நீ ஒருக்கா தடால்னு பூந்து, குஞ்செல்லாம் மூலையில ஒண்ணுமேல ஒண்ணு ஏறி அம்பது செத்துச்சு. குஞ்சுகிட்டப் போறதுக்கே ஒரு வெதம் இருக்குது, கட்டுனவகிட்டப் பேசறதுக்கு இல்லியா?

இப்பக் கேட்டுக்க. ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக்குடுக்க அவள எடுத்துட்டாங்க. அவங்களும் இதையேதான் கேட்டாங்களாமா, ஆனா உக்கார வெச்சு, தண்ணி குடுத்துக் கேட்டாங்க. அத்தனையும் சொல்லிட்டா. திங்கக்கெழமை போறா. நேத்துப் போன் பண்ணி, சோத்துக்குக் கஷ்டமாருக்குது, விசாவுக்கு எழுதிட்டேன், பொட்டியக் கட்டுன்னயாமா. சோறாக்க மட்டும் இங்கிலீசு வேண்டாமா? அவ வரமாட்டா. நானும் அனுப்பமாட்டேன். இந்த எடத்துல பேனாவக் கீழ வெச்சுட்டா, எழுதுடின்னு அதட்டித்தான் எழுத வெச்சேன்.

லீவு போட்டுட்டு வா. அவ மொகத்தப் பாத்துத் தப்புன்னு சொல்லு. அப்பறம் வாரதும் வராததும் அவ இஷ்டம்.

அங்காளம்மன் ஒனக்குத் தெம்பக் குடுக்கட்டும், புத்தியும் சேத்துக் குடுக்கட்டும். வெல்டிங் வெக்கறப்பக் கண்ணாடி போட்டுக்க, மறந்துறாத.

இப்படிக்குக் கைநாட்டு வெச்ச
பெருமாயி

எழுதியது சரிதா. அத்தை சொன்னதில் ஒரு சொல்லையும் நான் அடிக்கவில்லை.