பதிவு செய்த எண்

14 ஜூலை, திங்கள்

டிவி நின்றுவிட்டது. நிற்கும் என்று தெரியும். இந்த மாதம் ரீசார்ஜ் கிடையாது என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். இருந்தாலும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் போட்டுப் பார்த்தேன். நீலத் திரை. அதில் ஒரு அறிவிப்பு, கீழே ஒரு போன் நம்பர். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பணம் இல்லாமல் நிறுத்தவில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ரீசார்ஜ் செய்யும்போதெல்லாம் கடைக்காரர் தன் போனைப் பார்த்து, "கஜபதின்னு பேரு வருது, சரியாம்மா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பார். அம்மா "ஆமா" என்று சொல்லியாக வேண்டும். போன மாதம் அப்படிச் சொல்லிவிட்டு வெளியே வந்தவள், "இதான் கடைசி" என்றாள்.

கஜபதி என் அப்பா. செட்டாப் பெட்டி அம்மா போனஸில் வாங்கியது. அப்போது பாரிவாக்கத்தில் இருந்தோம். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவன் ஆதார் கேட்டான். அப்பா தன்னுடையதை நீட்டினார்.

16 ஜூலை

அம்மா வேலை முடிந்து அம்பத்தூரிலிருந்து ரயில் ஏறி வர ஒன்பது மணி ஆகும். அதுவரை உள்ளே தாழ்ப்பாள். டிவி இருந்தபோது இந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது. குழாய் சொட்டுகிறது. பல்லி கத்துகிறது. கீழே வீட்டு ஓனர் சுலோசனா ஆன்ட்டி யாரையோ திட்டுகிறார், சிரிக்கிறார். ஜன்னலைத் திறந்தால் ஷெட்டுக்குத் திரும்பும் ரயில் தெரியும். எல்லாப் பெட்டியிலும் விளக்கு எரியும், உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

கீழே போய்ப் பேசக் கூடாது. அது அம்மாவின் சட்டம். அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை என்று ஆன்ட்டியிடம் சொல்லித்தான் அம்மா இந்த வீட்டைப் பிடித்தாள். "ஆம்பள இல்லாத ஊட்டுக்கு யாருடி வாடகைக்கு குடுப்பா? நீ போய் எதுனா ஒளறி வெக்காத."

நான் உளற மாட்டேன். ஆனால் உளறுவதற்காவது ஒருவர் வேண்டும்போல இருக்கிறது.

20 ஜூலை, ஞாயிறு

துணி அலசிக்கொண்டே அம்மா சொன்னாள். "சும்மா நிறுத்துனா ஆகாது ஷர்மி. சொல்லாம கொள்ளாம உட்டா ஆளு வந்துருவான். குழுக் கடன்காரன் வாசப்படில வந்து குந்திகினானே, மறந்துட்டியா? போன் பண்ணி வேணாம்னு மரியாதையா சொல்லிடு. ஒனக்குத்தான் பேச வரும்."

முன்கூட்டியே கட்டுகிற டிவிக்கு யாரும் வந்து உட்கார மாட்டார்கள் என்றேன்.

"நீ பெரிய இவ. பண்றியா இல்லியா?"

22 ஜூலை, செவ்வாய்

என்ன செய்துவிட்டேன்.

திரையில் இருந்த நம்பருக்கு பட்டன் போனிலிருந்து பேசினேன். எடுத்த அக்காவின் குரல் ரொம்ப நன்றாக இருந்தது. "சொல்லுங்க, நான் எப்படி உதவட்டும்?" என்றாள். இணைப்பு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். படிப்பு இருக்கிறது என்றேன். என்ன படிக்கிறீங்க என்றாள். ஒன்பதாவது. எந்தப் பாடம் பிடிக்கும் என்றுகூடக் கேட்டாள். சாயங்கால நேரத்தில் என்னிடம் யாராவது ஏதாவது கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

பெட்டியை எடுக்க எங்கே வர வேண்டும், பழைய முகவரிக்கா என்றாள். இல்லை, மாறிவிட்டோம் என்று அண்ணனூர் முகவரியை முழுசாகச் சொன்னேன். தெரு, பின்கோடு, பிள்ளையார் கோயில் எதிரில் நீல கேட், மாடி வீடு. அவள் திருப்பிச் சொன்னாள். சரிதான் என்றேன்.

"ரொம்ப நன்றி. புது முகவரியோட எல்லா விவரமும் உங்க பதிவு செய்த எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸா வந்துடும்."

எந்த எண் என்று கேட்டேன். கடைசி நாலு எண்களைச் சொன்னாள்.

அது அப்பாவின் போன்.

அனுப்பாதீங்க என்றேன். "ஏற்கெனவே போயிடுச்சும்மா" என்றாள். முதல் தடவையாக என்னை அம்மா என்று கூப்பிட்டாள்.

23 ஜூலை

அம்மாவிடம் சொல்லவில்லை.

26 ஜூலை, சனி

பள்ளியிலிருந்து வரும்போது தெருமுனையில் நின்று முதலில் கேட்டைப் பார்க்கிறேன். அப்புறம் டீக்கடையை. அப்புறம்தான் நடக்கிறேன். அப்பாவுடையது மாதிரி சிவப்பு பைக் எது வந்தாலும் ஒதுங்கி நின்றுவிடுகிறேன்.

அம்மாவின் இடது மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்காது. சப்பாத்தி தேய்க்கும்போது பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

பாரிவாக்கத்தில் அப்பா முதலில் ரிமோட்டைத்தான் எடுப்பார். சத்தம் கூடும். திரையில் பச்சைக் கோடு நீண்டுகொண்டே போகும். அது பாதியைத் தாண்டினால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டில் எல்லாரும், உங்க ஊட்ல எந்நேரமும் டிவிதான் என்று கிண்டல் செய்வார்கள். அவர்களுக்குக் கேட்டது அது மட்டும்தான்.

அப்படியிருந்தும் டிவி வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றுகிறது? சின்னச் சத்தமாக வைத்தால் போதும். யாரோ பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பது மாதிரி.

29 ஜூலை

கதவு தட்டினார்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். "மேடம், செட்டாப் பாக்ஸ் எடுக்க வந்துகீறேன்" என்றது குரல். அப்பா குரல் இல்லை. ஆனாலும் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. ஒருவேளை அப்பா பின்னால் நின்றிருந்தால்?

அவன் கதவுக்கு வெளியே நின்றே யாருக்கோ போன் செய்தான். "சார், ஊட்ல ஆள் இல்ல போல... இன்னா சார்? எடுக்க வேணாமா? கேன்சல் பண்ணலியா? அப்ப சரி சார். ஆமா, அதே அட்ரஸ்தான். நீலக் கலர் கேட்டு."

படி இறங்கிப் போய்விட்டான். அந்த சார் யார் என்று எனக்குத் தெரியும். அட்ரஸ் சரி என்று இவனே உறுதி செய்துவிட்டுப் போகிறான்.

அம்மா ஒன்பது மணிக்கு வந்து, "ஏண்டி மூஞ்சி இப்படி கீது, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டாள். சொல்லியிருக்கலாம். அவள் கையில் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் நான் டிவி சுவிட்சைப் போட்டேன். நீலத் திரை வரும், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்துவிடலாம் என்று.

படம் வந்தது. பாட்டு, கலர், எல்லாச் சேனலும்.

அம்மா தோசைத் திருப்பியோடு வந்து நின்றாள். "யாரு கட்டுனது?"

அவளே புரிந்துகொண்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"முழு அட்ரஸும் குடுத்தியா?"

"பின்கோடும் குடுத்தேம்மா."

"பின்கோடு வேறயா" என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோசை கருகியது. "நான்தானே பண்ணச் சொன்னேன். நீ இன்னா பண்ணுவ. கேக்காத கடனுக்கு நானே போய் கணக்கு முடிச்சிருக்கேன் பாரு."

இன்றைக்கே கிளம்பலாமா என்றேன்.

"எத்தினி ஊடு மாத்துறது? ஒவ்வொரு வாட்டியும் இந்த டிவியத் தூக்கிகினு?" முகம் கழுவினாள், புடவையைச் சரிசெய்தாள், என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள்.

சுலோசனா ஆன்ட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போச்சு, வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"திருப்பூரு ஆளு, ஒரு நாளு போன்ல பேசி நான் கேக்கலியே அனுசுயா. எனுக்கு அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏங்கா கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். சரி உடு. மொதல்ல கேட்டுக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏண்டி தெனிக்கும் மேல தனியா அடைஞ்சி கெடக்குற? நான் இன்னா கடிச்சா உடுவேன்?" என்றார்.

9 ஆகஸ்ட்

வந்துவிட்டார்.

ஆன்ட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே பைக் நின்றது. அப்பா இறங்கவில்லை. இளைத்திருந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. மொட்டைமாடியில் இருக்கும் டிஷ்ஷை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் என்னை.

"டிவி வருதா பாப்பா?"

என்னென்னவோ கேட்பார் என்று பயந்திருந்தேன். இது ஒன்றைத்தான் கேட்டார். வாய் தானாகச் சொன்னது. "வருதுப்பா."

"நான்தான் போட்டேன். அம்மா எங்க? கேட்டத் தொற."

சாவி என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து ஆன்ட்டி வந்தார்.

"யாருபா நீ? இன்னா வோணும்?"

"அது என் பொண்ணு."

"இருக்கட்டும். ஊடு என்னுது. அனுசுயா சொன்னாத்தான் தொறப்பேன். அவ சொல்ல மாட்டா. போலீஸ் டேசன்லயும் எழுதிக் குடுத்துகீது, கெளம்பு."

அப்பாவின் குரல் ஏற ஆரம்பித்தது. எனக்குப் பச்சைக் கோடு ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே எந்த டிவியும் ஓடவில்லை. அவர் கத்தியது தெருவுக்கே அப்படியே கேட்டது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அப்பா சுற்றிப் பார்த்தார். நிறுத்தினார். பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

போகும்போது திரும்பிப் பார்த்தாரா? பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். தெரியவில்லை.

10 ஆகஸ்ட்

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததாக ஆன்ட்டி சொன்னது பொய். இன்று அம்மாவைக் கூட்டிப்போய் அதை உண்மையாக்கிவிட்டார்.

2 செப்டம்பர்

மேலே போய் பிளக்கைச் செருகிப் பார்த்தேன். நீலத் திரை. அவர் மறுபடி கட்டவில்லை.

நிம்மதியாக இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் ஏதோ ஒன்று... அவருக்கு உடம்பு சரியில்லையோ? நான் ஏன் இதையெல்லாம் யோசிக்கிறேன்? அம்மாவிடம் கேட்க முடியாத கேள்வி. ஆன்ட்டியிடமும் முடியாது.

7 செப்டம்பர், ஞாயிறு

பழைய பெட்டியை அம்மா கம்பெனிக்காரர்களிடமே கொடுத்துவிட்டாள். ஆன்ட்டி தன் வீட்டு கேபிள்காரரைக் கூட்டிவந்தார். டில்லிபாபு என்று பேர். மாடிக்கு ஒயர் இழுத்துவிட்டு போனை எடுத்தார்.

"யார் பேர்லக்கா போடறது? ஊட்டுக்காரரு பேரு சொல்லு."

"அனுசுயான்னு போடு."

"போன் நம்பர்?"

அம்மா தன் நம்பரைச் சொன்னாள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எண்ணாக.

"அட்ரஸு?"

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."

டில்லிபாபு அண்ணன் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். கீழே ஆன்ட்டி யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. சொன்னேன். தெரு, பிள்ளையார் கோயில், நீல கேட், மாடி.

"பின்கோடு?" என்றார்.

அதையும் சொன்னேன்.